பிரசவக் கிழிசலுக்குத் தாமதமாகத் தையல்: எப்போது போடலாம், ஏன் பொறுக்கச் சொல்கிறார்கள்

கீழே போட்ட தையல் பிரிந்துவிட்டால் மறுபடி தைப்பார்களா, இல்லை அப்படியே ஆறட்டும் என்று விட்டுவிடுவார்களா? பிரசவத்தன்று யாருமே கவனிக்காமல் விட்ட கிழிசலை ஆறு மாதம் கழித்துக்கூடச் சரிசெய்ய முடியுமா? ஒரு வருடம் ஆகியும் வாயுவை அடக்க முடியவில்லை, இனிமேல் இப்படித்தானா? இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கவே பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். துணிந்து கேட்டாலும் "பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் தவறு. நாள் கடந்துவிட்டது என்பதாலேயே வழி அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் தைக்கலாம், எந்த நேரத்தில் தைக்கக் கூடாது என்பதற்கு உடம்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது புரிந்துவிட்டால், மருத்துவர் "இப்போது வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லும்போது காரணத்தோடு சொல்கிறாரா, சும்மா தட்டிக்கழிக்கிறாரா என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

முதலில் கிழிசல் எங்கே, எவ்வளவு

பிறப்புறுப்பின் வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கும் பகுதியைப் பெரினியம் என்கிறார்கள். சில சென்டிமீட்டர் இடம்தான், ஆனால் இடுப்பின் அடித்தளத்தைத் தாங்கும் பல தசைகள் வந்து கூடுவது அங்கேதான். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இந்த இடம் இழுபட்டு மெலிந்துபோகிறது. முதல் சுகப்பிரசவத்தில் பத்தில் எட்டொன்பது பேருக்கு ஏதோ ஒரு அளவுக் கிழிசலோ வெட்டோ இருக்கும். நீங்கள் சரியாக முக்காததால் கிழிந்தது என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கிழிசலை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோலும் பிறப்புறுப்பின் உட்பக்கச் சவ்வும் மட்டும் கிழிந்திருக்கும். இரண்டாம் நிலையில் அதற்கு அடியில் உள்ள தசையும் சேர்ந்து கிழியும். எபிசியோட்டமி என்று கத்தரிக்கோலால் வெட்டிவிடுவதும் ஏறக்குறைய இதே அளவுக் காயம்தான். மூன்றாம் நிலை என்றால் கிழிசல் ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசை வரை போய்விட்டது. இந்தத் தசையில் இரண்டு அடுக்கு உண்டு. வெளி அடுக்கு நாம் நினைத்து இறுக்குவது, அவசரமாக வரும்போது கழிப்பறை போகும்வரை அடக்கிவைக்க உதவுவது. உள் அடுக்கு நம் நினைவில்லாமலே, தூக்கத்திலும்கூட, ஆசனவாயை மூடி வைத்திருப்பது. வெளி அடுக்கில் பாதிக்கும் குறைவாகக் கிழிந்தால் 3ஏ, பாதிக்கு மேல் என்றால் 3பி, உள் அடுக்கும் சேர்ந்தால் 3சி. நான்காம் நிலையில் மலக்குடலின் உட்சவ்வும் திறந்துவிடும். பிரிட்டனின் கணக்குப்படி மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் சுகப்பிரசவங்களில் நூற்றுக்கு 3 பேருக்கு வருகிறது. முதல் பிரசவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 6. ஃபோர்செப்ஸ் என்ற, குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் கருவி போட்டு எடுத்தால், குழந்தை எடை அதிகமாக இருந்தால், குழந்தை முகம் மேலே பார்த்தபடி பிறந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் எந்த நிலைக் கிழிசல் என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். "தையல் போடப்பட்டது" என்று மட்டும் இருந்தால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு எண்ணைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

நினைத்த நேரத்தில் ஏன் தைக்க முடியாது

காயம் பட்ட முதல் சில மணி நேரம் திசு சுத்தமாக இருக்கும், ஓரங்கள் எங்கே எதனுடன் சேர வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். இரண்டாம் மூன்றாம் நாளுக்குள் அழற்சி உச்சத்துக்கு வந்துவிடும். இறந்த செல்களையும் கிருமிகளையும் அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வந்து குவியும், நீர் கோத்து வீங்கும், திசு ஊறிப்போய் நைந்து இருக்கும். அந்த நேரத்தில் ஊசி போட்டு இழுத்தால் நூல் திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே கிருமி இருக்கும்போது மேலே மூடித் தைத்தால் அது வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே சீழ் கட்டும்.

நான்கைந்து நாளுக்கு மேல், கிருமித் தொற்று இல்லாத காயத்தில் அடியிலிருந்து புதுத் திசு வளரத் தொடங்குகிறது. நல்ல சிவப்பாக, ஈரமாக, சின்னச் சின்ன மணிகள் போல மேடு தட்டியிருக்கும், தொட்டால் லேசாக ரத்தம் கசியும். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் திசு இது, தையலையும் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் வாரக்கணக்கில் இதுவே குழியை நிரப்பி, ஓரங்களை உள்ளே இழுத்து, தழும்பாக மாறிவிடும். தழும்பு முதலில் கெட்டியாக, தடித்து, தொட்டால் வலிப்பதாக இருக்கும். பிறகு மாதங்கள் போகப்போக இளகும், இந்த மாற்றம் ஒரு வருடம் வரை நடந்துகொண்டே இருக்கும்.

ஆக, தைப்பதற்கு ஏற்ற வேளைகள் மூன்று. காயம் புதிதாக இருக்கும் முதல் சில மணி நேரம், தொற்று விலகிப் புதுத் திசு வந்த பிறகான நாட்கள், தழும்பு அடங்கிய பிறகான மாதங்கள். இடையில் வரும் காலத்தில்தான் "பொறுங்கள்" என்கிறார்கள்.

மணிக்கணக்கில் தாமதம்

முதல், இரண்டாம் நிலைக் கிழிசலுக்குப் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, பிரசவ அறையிலேயே மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடுவார்கள். முதல் நிலைக் கிழிசல் சின்னதாக இருந்து, ஓரங்கள் தாமாகவே ஒட்டி, ரத்தமும் வராவிட்டால் தைக்காமலே விடுவதும் உண்டு, அதுவும் சரியான முடிவுதான்.

சுருக்குத் தசை கிழிந்தால் அப்படி இல்லை. அந்தத் தசை எப்போதும் இறுக்கத்திலேயே இருப்பது. இடுப்பு நாடா அறுந்தால் இரண்டு முனையும் துணிக்குள் ஓடிவிடுகிறதல்லவா, அதேபோல் கிழிந்த தசையின் இரண்டு முனைகளும் பக்கவாட்டில் திசுவுக்குள் பின்வாங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே தேடி, இரண்டு முனைகளையும் கிடுக்கியால் பிடித்து, வெளியே இழுத்து, நேருக்கு நேர் வைத்தோ ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியோ தைக்க வேண்டும். தசை தளர்ந்தால்தான் முனைகள் இழுபட்டு வரும் என்பதால் முதுகில் மயக்க ஊசி போடுவார்கள். அறுவை அரங்கின் வெளிச்சம் வேண்டும். எல்லாவற்றையும்விட, இதைச் செய்து பழகிய கை வேண்டும்.

நள்ளிரவில் அந்தக் கை பக்கத்தில் இல்லை என்றால்? சுவீடனில் நடந்து 2008-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத்தான் நேரடியாகச் சோதித்தது. மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் உள்ள சுமார் 160 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே தைத்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு 8 முதல் 12 மணி நேரம் கழித்துத் தைத்தார்கள். ஒரு வருடம் கழித்து மலத்தை அடக்கும் திறனில் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்திவிட்டு, அனுபவமுள்ள மருத்துவர் வரும்வரை காலை வரை காத்திருப்பதில் இழப்பு இல்லை. பழக்கமில்லாதவர் அவசரமாகத் தைத்து, தோல் மட்டும் அழகாக ஒட்டி உள்ளே தசை பிரிந்தே கிடப்பதைவிட இந்தக் காத்திருப்பு எவ்வளவோ மேல். "காலையில் பெரிய டாக்டர் வந்து தைப்பார்" என்று சொன்னால் குடும்பத்தினர் பதற வேண்டியதில்லை, ரத்தம் நின்றிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காமல் போன கிழிசல்

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1993-இல் லண்டனில் அப்துல் சுல்தான் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கு ஆசனவாய் வழியாக ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முதல் பிரசவம் ஆனவர்களில் நூற்றுக்கு 35 பேருக்குச் சுருக்குத் தசையில் சேதம் தெரிந்தது. பிரசவத்தின்போது அவர்களில் மிகச் சிலருக்குத்தான் இது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மறைவான காயம் இது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். பிறகு 2006-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பிரசவம் பார்த்தவர்கள் பரிசோதித்து முடித்ததும் பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஒருவர் அதே பெண்களை மறுபடி பரிசோதித்தார். சுருக்குத் தசை கிழிந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 11-இலிருந்து ஏறக்குறைய 25 ஆனது. ஸ்கேன்கூட இல்லை, கையால் பார்த்ததுதான். ஆக, பெரும்பாலான காயங்கள் மறைந்திருக்கவில்லை, சரியாகத் தேடப்படவில்லை.

அந்தப் பரிசோதனை என்ன பெரிய வித்தையா என்றால் இல்லை. ஆசனவாய்க்குள் ஒரு விரல், பிறப்புறுப்பில் கட்டைவிரல், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திசுவை மெல்ல உருட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். தசை முழுதாக இருந்தால் கெட்டியான ஒரு வளையம் தட்டுப்படும். கிழிந்திருந்தால் முன்பக்கத்தில் அந்த வளையம் காணாமல் போய், இரண்டு விரலுக்கும் நடுவே மெல்லிய தோல் மட்டும் இருக்கும். ஒரு நிமிட வேலை. சுகப்பிரசவம் ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும், தையல் போடும் முன்பும் போட்ட பின்பும், இதைச் செய்ய வேண்டும். ஏன் செய்கிறார்கள் என்று தெரியாமல் பல பெண்கள் மறுத்துவிடுகிறார்கள், அல்லது கேட்காமலே செய்துவிடுகிறார்கள் என்று கோபப்படுகிறார்கள். சொல்லிவிட்டுச் செய்வது மருத்துவரின் கடமை. செய்துவிட்டீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படித் தெரியும்? வாயு பிரிவது தெரியாமலே வெளியேறும். மலம் வரும் உணர்வு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது. உள்ளாடையில் கறை படும், துடைத்துத் துடைத்தும் சுத்தமாகாது. வாயுவோ மலமோ பிறப்புறுப்பு வழியாக வந்தால் அது இன்னும் தீவிரம், இரண்டுக்கும் நடுவே ஓட்டை இருக்கலாம் என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். முதல் சில நாள் வீக்கத்தால் கொஞ்சம் கட்டுப்பாடு குறைவது உண்டு. ஆனால் "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் நாப்கின் வைத்துச் சமாளிப்பது வேண்டாம். முதல் சில நாளிலேயே கண்டுபிடித்தால், காயத்தில் தொற்று இல்லாவிட்டால், புதுக் காயம் போலவே அரங்கில் வைத்துச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. வாரங்கள் ஓடிவிட்டால் தழும்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

தையல் பிரிந்தால்

பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் நடப்பது இது. கிருமித் தொற்றுதான் முதல் காரணம். தையலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வது, தையலை மிக இறுக்கிப் போட்டது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இவையும் காரணமாகலாம். நடந்ததாலும் குழந்தையைத் தூக்கியதாலும் பிரிந்துவிட்டது என்று தாயின் தலையில் பழியைப் போடுவது நியாயமில்லை.

எது பிரிந்தது, எது பிரியவில்லை என்பதில் நிறையக் குழப்பம் வருகிறது. இப்போது போடும் நூல் பெரும்பாலும் தானாகக் கரைவது. இரண்டு வாரம் வாக்கில் முடிச்சோடு சின்ன நூல் துண்டுகள் நாப்கினில் விழும். அது நூல் தன் வேலையை முடித்துவிட்டு உதிர்வது, தையல் அறுந்ததாக எண்ணிப் பயப்பட வேண்டாம். கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது காயத்தின் மேல் மஞ்சளாகப் பாலாடை போல ஒரு படலம் தெரியலாம். ஆறும் காயத்தில் அது சகஜம். சீழ் என்றால் வடியும், நாறும், சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று கூடினால் அதுதான் முதல் அறிகுறி. காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றம், காயம் வாய் பிளந்து உள்ளே சதை தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். காய்ச்சலோடு நெஞ்சு படபடப்பும் மயக்கமும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சரி, பிரிந்துவிட்டது, இனி என்ன? காயம் சின்னதாக இருந்தால், அல்லது தோலும் மேல் தசையும் மட்டும் பிரிந்திருந்தால், பெரும்பாலும் சுத்தம் செய்து, தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து, தானாக ஆற விடுவார்கள். அடியிலிருந்து நிரம்பி ஆறும். சில வாரங்கள் ஆகும், ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம், நம்ப முடியாத அளவுக்கு நன்றாக ஆறும்.

காயம் பெரிதாக இருந்தால், சுருக்குத் தசையும் சேர்ந்து பிரிந்திருந்தால் மறுதையல் பேச்சு வரும். முன்பெல்லாம் இப்படிப் பிரிந்தால் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது பொறுத்துத்தான் தொடுவார்கள், அதுவரை அந்தப் பெண் கைக்குழந்தையோடு, மலம் கட்டுப்படாமல், காயத்தோடு காலம் தள்ள வேண்டும். 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதை மாற்றிப் பார்த்தார்கள். காயத்தைத் திறந்து, பழைய நூலையும் இறந்த திசுவையும் எடுத்துவிட்டு, தினமும் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, சீழும் காய்ச்சலும் போய் அந்தச் சிவந்த புதுத் திசு காயம் முழுக்கப் பரவியதும் அரங்கில் வைத்து அடுக்கடுக்காகத் தைத்தார்கள். மாதக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கியது. நான்காம் நிலை வரை பிரிந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நன்றாகவே சேர்ந்தது. காயம் சுத்தமாவதற்கு முன் தைக்கக் கூடாது என்பது மட்டும் இதில் கண்டிப்பான நிபந்தனை.

இரண்டாம் நிலைக் காயம் பிரிந்தால் மறுதையல் நல்லதா, தானாக ஆற விடுவது நல்லதா என்பதில் இதுவரை நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் மிகச் சிறியவை, அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது. அதனால்தான் ஒரு மருத்துவர் தைக்கலாம் என்பார், இன்னொருவர் விட்டுவிடலாம் என்பார். தைத்தால் சீக்கிரம் மூடும், ஆனால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி பிரியும் சின்ன ஆபத்து. விட்டால் அறுவை இல்லை, ஆனால் வாரக்கணக்கில் திறந்த காயத்தைப் பராமரிக்க வேண்டும். வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா, வலி எவ்வளவு, உங்களுக்கு எது தாங்கும், இதையெல்லாம் வைத்து நீங்களும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. என்னைக் கேட்டால், "இரண்டு வழி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உங்கள் நிலைமையையும் விசாரிக்கும் மருத்துவரைத்தான் நம்புவேன்.

மாதங்கள், வருடங்கள் கழித்து

தழும்பு இளகக் குறைந்தது மூன்று மாதம், பல நேரம் ஆறு மாதம் விடுவார்கள். அதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருப்பதால் இதைச் சும்மா காத்திருக்கும் காலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மலம் தளர்வாகவும் இல்லாமல் கெட்டியாகவும் இல்லாமல் வைத்துக்கொள்வது, தேவைப்பட்டால் அதற்கான மருந்து, பயோஃபீட்பேக் என்று திரையில் தசையின் இறுக்கத்தைப் பார்த்தபடி பழகும் பயிற்சி. இவற்றாலேயே கணிசமானவர்களுக்கு அறுவை தேவைப்படாத அளவுக்குச் சரியாகிறது.

சரியாகாவிட்டால் ஆசனவாய் ஸ்கேன் எடுத்துத் தசையில் இடைவெளி எங்கே, எவ்வளவு என்று பார்ப்பார்கள். அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரி என்ற சோதனையும் உண்டு. தெளிவான இடைவெளி இருந்தால் தழும்பைப் பிரித்து, தசை முனைகளை விடுவித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றித் தைப்பது வழக்கமான அறுவை. பிரசவமாகிப் பல வருடம் ஆன பெண்களுக்கும் இதைச் செய்கிறார்கள். முதல் சில வருடங்களில் பலன் நன்றாக இருக்கும், ஆனால் ஐந்து பத்து வருடங்களில் பலருக்குக் கட்டுப்பாடு மறுபடி கொஞ்சம் குறைகிறது. பிரசவத்தன்றே சரியாகத் தைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பதற்கு இதுவே காரணம். தையல் போதாத நிலையில், முதுகின் அடியில் உள்ள நரம்பை மெல்லிய மின்துடிப்பால் தூண்டும் கருவி பொருத்தும் சிகிச்சையும் இருக்கிறது.

கட்டுப்பாட்டுப் பிரச்சினை எதுவும் இல்லாமல், பெரினியம் சரியாகச் சேராமல் பிறப்புறுப்பின் வாய் அகன்று தொளதொளப்பாக இருப்பது, அல்லது இறுக்கமான தழும்பால் உடலுறவில் வலிப்பது, இவற்றுக்கும் தனியாகச் சின்ன அறுவை உண்டு. தையல் ஓரத்தில் தொட்டால் ரத்தம் வரும் சிவந்த முண்டு ஒன்று ஆறாமல் நின்றால் அறுவைகூட வேண்டாம், வெளிநோயாளியாகவே சில்வர் நைட்ரேட் தடவிக் கரைத்துவிடுவார்கள்.

ஆறும் நாட்கள்

முதல்முறை தைத்தாலும் மறுதையல் என்றாலும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் ஒரு முறையாவது சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள், மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். சிறுநீர் எரிந்தால் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 20 நிமிடம் வைக்கலாம், நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் தாய்ப்பால் கொடுக்கும்போது பொதுவாக எடுக்கலாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஐபுப்ரோஃபென் பற்றி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த மாத்திரை தாய்ப்பால் கொடுக்கும்போது வேண்டாம். பவுடர், எண்ணெய், அரைத்த மூலிகை எதையும் காயத்தில் போடாதீர்கள்.

மலம் கழிப்பதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயந்து அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகி நிலைமை மோசமாகும். நிறையத் தண்ணீர், நார்ச்சத்து, மூன்றாம் நான்காம் நிலை என்றால் லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி சில நாள் தருவார்கள், அதை நிறுத்தாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து போகும்போது காலுக்குக் கீழே சின்ன முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாயுங்கள். சுத்தமான நாப்கினை மடித்துத் தையல் மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டால் பிய்ந்துவிடும் என்ற உணர்வு பெருமளவு போய்விடும். முக்க வேண்டாம், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே போங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சியை வலி அனுமதித்த உடனே மெல்லத் தொடங்கலாம். சுருக்குத் தசையைத் தைத்தவர்களும் மறுதையல் போட்டவர்களும் எப்போது என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கட்டும். வாயுவை அடக்குவதுபோல் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்பக்கம் வரை இறுக்கி மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். தொடையும் பிட்டமும் இறுகினால் தவறாகச் செய்கிறீர்கள். தளர்த்துவதும் இறுக்குவது அளவுக்கு முக்கியம். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறையாவது சரிபார்த்துக்கொண்டால் நல்லது.

வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும், பெரிய கிழிசல் என்றால் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். உடலுறவுக்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. காயம் ஆறி, ரத்தம் நின்று, உங்களுக்கு மனமும் வந்த பிறகுதான். தாய்ப்பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி இருக்கும், ஜெல் பயன்படுத்தலாம். காயம் முழுதாக மூடிய பிறகு தழும்பைச் சுத்தமான விரலால் மெல்ல நீவிவிட்டால் இறுக்கம் இளகும். இத்தனை கவனம் காயத்துக்குப் போகும்போது மனம் பின்தங்கிவிடுகிறது. பிரசவத்தை நினைத்தாலே பதறுவது, கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காமல் போவது, யாரும் தொட வேண்டாம் என்று தோன்றுவது, இதெல்லாம் இந்தக் காயத்தோடு சேர்ந்தே வருபவை. தையலைக் காட்டும்போது இதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு.

சுருக்குத் தசையைப் பிரசவத்தன்றே சரியாகத் தைத்தவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் ஒரு வருடத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். மீதிப் பேரில் பலருக்கு இருப்பது வாயுவை அடக்க முடியாத தொந்தரவு அல்லது அவசரம்.

அடுத்த பிரசவம் எப்படி என்ற கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. முதல், இரண்டாம் நிலைக் கிழிசல் ஆறியிருந்தால், தையல் பிரிந்து ஆறியதாகவே இருந்தாலும், அடுத்ததும் பொதுவாகச் சுகப்பிரசவமே. சுருக்குத் தசை கிழிந்தவர்களுக்கு மறுபடி அதே கிழிசல் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 7. இப்போது தொந்தரவு எதுவும் இல்லை, ஸ்கேனும் நன்றாக இருக்கிறது என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். கசிவு இருந்தால், ஸ்கேனில் இடைவெளி தெரிந்தால், அல்லது பிறகு ஒரு காலத்தில் தனி அறுவை செய்து தசையைச் சேர்த்திருந்தால் சிசேரியன் பற்றிப் பேசுவார்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அந்தத் தனி அறுவைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், அறுவையைக் குழந்தைக்கு முன் செய்வதா பின் செய்வதா என்பது அதைப் பொறுத்து மாறும். கர்ப்பம் உறுதியானதும், கடைசி மாதம் வரை தள்ளாமல், முதல் சில சந்திப்புகளுக்குள்ளேயே அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.